பைபர் வள்ளங்கள்: வெள்ளைப் பூச்சுக்கு உள்ளே யார் பார்ப்பது?

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பைபர் வள்ளமொன்றை ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டிருந்தார் ஓர் ஐயா. அணியத்தில் தொடங்கி, ஒரு சாண் இடைவெளி விட்டு, வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக் என்று கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம், அடிப்பாகத்தில் ஓரிடத்தில் 'தொம்' என்று இறங்கியது. காதிலிருந்த சோக்குத் துண்டை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டம் ஒரு சோற்றுக் கோப்பை அளவு இருந்தது. இன்னும் தட்டினார். வட்டம் வளர்ந்து முறத்தளவு ஆனது.

வெளியே ஒரு கீறல் இல்லை. வெள்ளைப் பூச்சு மினுங்கியது. வள்ளத்துக்கு வயது நான்கு. கல்லில் மோதவில்லை, வேறு வள்ளத்தோடு உரசவில்லை என்று உரிமையாளர் சத்தியம் செய்தார். ஐயா அவரை நம்பினார். இது மோதியதால் வந்ததல்ல, செய்யும்போதே வந்தது, நான்கு வருடமாக உள்ளே இருந்தது, இப்போதுதான் பேசுகிறது என்று எனக்குச் சொன்னார். உள்ளே படைகள் ஒன்றையொன்று விட்டுவிட்டன. அவ்வளவுதான் விளக்கம்.

எனக்கு அந்த 'தொம்' வேறு காரணத்துக்காகவும் உறைத்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் டைட்டன் நீர்மூழ்கி பற்றிய அமெரிக்க விசாரணை முடிவுகளை வாசித்திருந்தேன். அட்லாண்டிக் சமுத்திரத்தில் கோடீஸ்வரர்களை ஏற்றிச் சென்ற கலத்துக்கும், திருக்கடலூரிலிருந்து சூடை பிடிக்கப் போகும் வள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டும் நாரையும் பசையையும் படைபடையாக அடுக்கிச் செய்தவை. இரண்டிலும் குறை, செய்யும்போதே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டிலும் அது வெளியே தெரிவதில்லை.

இரும்பை நம்பிய கண்

மரத்தில் செய்த தோணியில் ஓட்டை விழுந்தால் தெரியும். உளுத்தால் தெரியும். இரும்பு துருப்பிடித்தால் நிறம் மாறும். நம் கண்கள் பழகியது அப்படிப்பட்ட பொருட்களுக்கு. பைபர் என்று நாம் சொல்லும் பொருள் வேறு வகை. மரமும் இரும்பும் முதலில் பொருளாக இருந்து, பிறகு வள்ளமாக மாறுகின்றன. பைபரில் பொருளும் வள்ளமும் ஒரே நேரத்தில், ஒரே அச்சில் பிறக்கின்றன. கண்ணாடி நார்ப் பாயும் பிசினும் தனித்தனியே இருக்கும்வரை அவை எதற்கும் உதவாது. ஒன்றில் ஒன்று ஊறி, இறுகி, காய்ந்த பிறகுதான் பலம். ஆகவே பிசின் எவ்வளவு, ஹார்ட்னர் எவ்வளவு, அன்றைக்கு மழையா வெயிலா, றோலரை உருட்டியவர் களைத்திருந்தாரா என்பதெல்லாம் அந்தப் பொருளின் குணமாகவே மாறிவிடுகின்றன. நல்ல பைபர் வாங்கினோம் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல பைபர் செய்தார்கள் என்றுதான் சொல்ல முடியும்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத்தான் பணக்கார நாடுகளின் விமானத் தொழில் மனிதக் கையை விலக்கி ரொபோவைக் கொண்டுவந்தது. கார்பன் நாரைப் பிசினில் முன்னரே ஊறவைத்து, கால் அங்குல அகல நாடாக்களாக வெட்டி, பத்து, இருபது நாடாக்களை ஒரே தடவையில் அச்சின்மேல் ஒட்டிக்கொண்டே போகும் இயந்திரத் தலைகள் இவை. நாடாவைச் சூடாக்கும், உருளையால் அழுத்தும், வேண்டிய இடத்தில் வெட்டும். ஒரு தலை பல மில்லியன் டொலர் பெறும். போயிங் 787 விமானத்தின் உடல் இப்படித்தான் உருளை உருளையாகச் செய்யப்படுகிறது. அந்த விமானத்தின் எடையில் ஏறத்தாழ அரைவாசி இத்தகைய கலவைப் பொருள்.

ரொபோ களைப்பதில்லை. ஆனால் அதற்கென்று தனிக் குறைகள் உண்டு. பக்கத்துப் பக்கத்து நாடாக்களுக்கிடையே இடைவெளி விழும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நாடா முறுகும். வளைவான இடத்தில் நாடாவைத் திருப்பும்போது உட்புற ஓரம் மடிந்து சுருங்கும் (பாயை வளைத்து விரித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்). பள்ளமான மூலையில் நாடா அடியில் ஒட்டாமல் பாலம்போல நின்றுவிடும். சில வேளை ஒரு நாடா அறுந்து, இயந்திரம் அதை அறியாமலே அடுத்த வரிசைக்குப் போய்விடும். சிறு இடைவெளியின்மேல் அடுத்த படை விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு கண்ணுக்கு அது கிடையாது.

ஆகவே, மின்னல் வேகத்தில் ஒட்டும் இயந்திரத்தை ஒவ்வொரு படைக்கும் நிறுத்திவிட்டு, மனிதர்கள் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்க்கிறார்கள். உற்பத்தி நேரத்தில் பெரும் பகுதியை இந்தப் பார்வையிடலே தின்றுவிடுவதாகப் பொறியியலாளர்கள் பல ஆண்டுகளாகப் புலம்புகிறார்கள். இப்போது லேசர் கதிர், வெப்பக் கமரா, படத்தைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எல்லாம் அந்த இடத்துக்கு வருகின்றன. பார்ப்பதற்கு மட்டும் இவ்வளவு செலவு செய்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். திருகோணமலைக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

டைட்டனும் தலைமுடி அளவு இடைவெளியும்

2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி உள்நோக்கி நொறுங்கியது. உள்ளிருந்த 5 பேரும் அந்தக் கணத்திலேயே இறந்தார்கள். அதன் உடல் ஐந்து அங்குலத் தடிப்புள்ள கார்பன் நார் உருளை. நிறுவனம் செய்த முதல் உருளை சோதனைகளில் வெடிப்புக் கண்டதால் கைவிடப்பட்டது. இரண்டாவது உருளைக்கு நாரை அடுக்கியது மேலே சொன்ன ரொபோ முறைதான். ஐந்து அங்குலத்தையும் ஒரே தடவையில் செய்யாமல் ஒவ்வோர் அங்குலமாக அடுக்கி, வேகவைத்து, அதன்மேல் அடுத்ததை அடுக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் மேற்பரப்பில் சுருக்கங்கள் தெரிந்தன. அவற்றைத் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். தேய்க்கும்போது நாரும் அறுந்தது.

நொறுங்கிய துண்டுகளையும், உருளை செய்யப்பட்டபோது எஞ்சிய மாதிரிகளையும் ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, சுருக்கங்கள், நுண்துளைகள், வெற்றிடங்கள் அவற்றில் இருந்ததைக் கண்டது. 2025 ஒக்டோபரில் வெளியான அதன் இறுதி அறிக்கை, நிறுவனத்தின் பொறியியல் செயன்முறையே போதாமல் இருந்தது என்றது. குறைகள் கொண்ட, வேண்டிய பலம் இல்லாத கலன் அதனால்தான் உருவானது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. விபத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்னர், 2022 ஜூலை 15 அன்று, ஒரு பயணத்தின் முடிவில் மேலே வரும்போது உள்ளே இருந்தவர்கள் பெரும் வெடிச் சத்தம் கேட்டார்கள். படைகள் விட்டுப்போன சத்தம் அது என்று பின்னர் முடிவாகியது. உடலில் பொருத்தியிருந்த உணரிகள் அந்தப் பயணத்துக்குப் பின் வேறு விதமாகக் காட்டத் தொடங்கின. தரவு இருந்தது. படிக்க வேண்டியவர்கள் அதை ஒழுங்காகப் படிக்கவில்லை. கலத்தைக் குளிர்காலம் முழுவதும் திறந்தவெளியில் வைத்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி இறக்கினார்கள். ஐந்து ரூபாய்க் குற்றி 'தொம்' என்று சொன்ன பிறகும் வள்ளத்தைக் கடலில் தள்ளுவது போன்றது இது.

போயிங் கதை இதற்கு நேரெதிர். 787 விமானத்தின் உடற்பகுதிகள் சேரும் இடங்களில் அனுமதித்த அளவைவிடச் சற்றுப் பெரிய இடைவெளிகள் இருப்பது 2020இல் வெளியே வந்தது. அனுமதித்த அளவு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு, தலைமுடியின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக விமான ஒப்படைப்பு நின்றது. இடையில் சிறிது காலம் தொடங்கி, மறுபடி நின்று, 2022 ஓகஸ்டில்தான் மீண்டும் ஆரம்பித்தது. இந்த இடைவெளியால் ஒரு விமானமும் விழவில்லை. போயிங்கின் மற்றக் கதைகள் தெரிந்த எவரும் அந்த நிறுவனத்தை நல்ல பிள்ளை என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் அங்கே, ஒப்படைப்பை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் நிறுவனத்துக்கு வெளியே ஒரு மேசையில் இருந்தது. டைட்டனுக்கு அப்படி ஒரு மேசை இருக்கவில்லை. எந்த வகைப்படுத்தல் சங்கத்தின் சான்றும் இல்லாமலேயே அது கடலுக்குள் போனது.

வடக்கில் இருப்பவர்களுக்கு இன்னோர் உதாரணமும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 13 அன்று அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவுக்கு அப்பால், கடலில் நின்ற காற்றாலை ஒன்றின் 107 மீற்றர் நீள இறக்கை முறிந்தது. பைபர் துண்டுகளும் நுரையும் கரையெல்லாம் ஒதுங்கிக் கடற்கரைகளை மூட வேண்டியதாயிற்று. ஒட்டும் இடத்தில் பசை போதவில்லை, இது தொழிற்சாலைக் குறை என்று உற்பத்தியாளரான ஜீஈ வெர்னோவா நிறுவனமே ஒத்துக்கொண்டது. செய்தபோதே பரிசோதித்திருக்க வேண்டிய குறை அது. பின்னர் நாண்டக்கெட் நகரத்துக்கு 10.5 மில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி நிலையத்தில் 30 காற்றாலைகள் சுற்றுகின்றன. இன்னும் வரப்போகின்றன. அங்கே மக்கள் எழுப்பும் நிலம், வெள்ளம், பறவைகள் பற்றிய கேள்விகள் நியாயமானவை. இறக்கை முறிந்தால் கடலைத் துப்புரவாக்குவது யார் பொறுப்பு என்ற கேள்வியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே ரொபோ இல்லை, றோலர் இருக்கிறது

திருகோணமலையைப் பற்றிக் கொழும்பிலும் டில்லியிலும் எழுதுபவர்களுக்கு இந்தத் துறைமுகம் என்றால் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள். 99 தாங்கிகள், 2022 ஜனவரி உடன்படிக்கை, 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் கையெழுத்திட்ட எரிசக்தி மையத் திட்டம். பக்கம் பக்கமாக வரும். அந்தத் தாங்கிகளுக்குக் கீழே, கொட்டியாரக் குடாவில் விடியற்காலையில் வலை வலிக்கும் வள்ளங்களைப் பற்றி ஒரு வரி வராது. புல்மோட்டையிலிருந்து குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி, சல்லி, வீரநகர், கிண்ணியா, மூதூர், சம்பூர் வரை இந்த மாவட்டத்தில் உயிர்களைச் சுமக்கும் கலவைப் பொருள் என்றால் அது பைபர் வள்ளம்தான். நாடு முழுவதும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் வள்ளங்கள் 20 ஆயிரத்துக்கும் மேல். கொட்பேயில் கட்டியிருக்கும் பலநாள் படகுகளும் பைபர்தான். புறாத்தீவுக்கு வெள்ளைக்காரரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றிப் போவதும் அதே வள்ளங்கள்.

இந்தத் தொழில் தமிழ்ப் பகுதிக்குப் புதிதல்ல. நோர்வே உதவியோடு தொடங்கிய காரைநகர் சீநோர் தளம் ஒரு காலத்தில் வடபகுதியின் பைபர் படகுகளுக்குப் பெயர் பெற்றது. யுத்தம் அதைத் தின்றது. கட்டடம் மட்டுமல்ல, ஒரு தலைமுறைக் கைப்பழக்கமும் போனது.

இங்கே வள்ளம் செய்யும் முறை உலகெங்கும் சிறு தளங்களில் நடப்பதுதான். அச்சுக்கு மெழுகு பூசுவார்கள். அதன்மேல் அரை மில்லிமீற்றர் அளவில் நிறப்பூச்சு. அது ஒட்டும் பதத்துக்கு வந்ததும் வெட்டிய நார்ப் பாயை விரித்து, தூரிகையால் பிசினைக் குளிப்பாட்டி, வரிவரியான இரும்பு றோலரால் காற்றை உருட்டி வெளியேற்றுவார்கள். பிறகு அடுத்த பாய், நெய்த நார்த் துணி, மறுபடி பாய். ஒரு கிலோ பாய்க்கு இரண்டு, இரண்டரைக் கிலோ பிசின் என்பது கணக்கு. அதற்குக் குறைந்தால் நார் வரண்டு கிடக்கும், கூடினால் வள்ளம் கனத்து, அதே நேரம் ஓடுபோல நொறுங்கும். ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்று, இரண்டு வீதம். எங்களூர்ச் சித்திரை வெயிலில் இரண்டு வீதம் விட்டால் றோலரைத் தொடுமுன்னரே பிசின் கட்டிபட்டுவிடும். மார்கழி மழையில் ஈரக்காற்றோடு வேலை செய்தால் பசை சரியாக இறுகாது, படைகளுக்கிடையே ஈரம் தங்கும். இவற்றில் ஒன்றாவது பிசகினால் வெளியில் தெரியாது. வெளியே தெரிவது முதலில் பூசிய அந்த வெள்ளைப் பூச்சு மட்டும்தான்.

பைபரின் மிகப் பெரிய ஏமாற்று இது. மற்றப் பொருட்களில் பூச்சு கடைசியில் வரும், இதில் முதலில் வருகிறது. அச்சு நன்றாக இருந்தால், உள்ளே என்ன அள்ளிப் போட்டாலும் வெளியே கண்ணாடிபோல மினுங்கும்.

ஐயாவோடு இருந்த அரை நாளில் நான் கற்றுக்கொண்ட குறைகளை நினைவிலிருந்து சொல்கிறேன். காற்றுக் குமிழி. வரண்ட பாய். அணியத்தின் கூர் மூலையில் பாய் ஒட்டாமல் நின்ற பாலம் (ரொபோவுக்கும் இதே மூலையில்தான் சறுக்குகிறது என்று அவருக்குச் சொன்னேன், சிரித்தார்). பின்பலகைக்குள் வைக்கும் ஒட்டுப்பலகையை முழுதாகப் பொதியாமல் விட்டு, எஞ்சின் பூட்டிய துளை வழியாக நீர் இறங்கி உள்ளே உக்கிப்போவது. முழுதாக இறுகுமுன் அச்சிலிருந்து இழுத்ததால் வந்த நெளிவு. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. ஒரு தளத்தில் ஓர் அச்சுத்தான் இருக்கும். அடுத்த வள்ளத்துக்கு ஆள் காத்திருக்கும்.

பாயும் பிசினும் ஹார்ட்னரும் இறக்குமதி. 2022இல் நாடு வங்குரோத்தாகி டொலர் இல்லாமல்போனபோது இவற்றின் விலை எங்கே போனது என்று மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற கடற்றொழிலாளருக்குச் சொல்லத் தேவையில்லை. பிசின் விலை ஏறினால் அதில் சுண்ணப் பொடி கலப்பதும், ஐந்து படைக்கு நான்கு படை போடுவதும் எந்த நாட்டிலும் நடக்கக்கூடியவை. இங்கே நடந்ததா என்பதைச் சொல்ல, வள்ளத்தை வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு வழியில்லாததுதான் என் முறைப்பாடு.

சுனாமிக்குப் பிறகு ஒரு தடவை நடந்தது

இதை நாம் ஏற்கனவே ஒரு தடவை அனுபவித்துவிட்டோம். 2004 டிசம்பர் 26 இந்த நாட்டின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதியை அழித்தது. உலகம் காசோடு வந்தது. நிறுவனங்களுக்கு எண்ணிக்கை வேண்டும், புகைப்படம் வேண்டும், நிதியாண்டு முடியுமுன் செலவு காட்ட வேண்டும். படகு கட்டியே அறியாதவர்களும் கொட்டகை போட்டு அச்சு வாங்கினார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரம் இருந்த இடங்களில் பைபர் படகுகள் வரிசையாக வந்து நின்றன. சில இடங்களில் தேவைக்கு மேல் வள்ளம், சில இடங்களில் அந்தக் கடலுக்கே பொருந்தாத வள்ளம்.

அவற்றுள் தரமற்றவையும் கடலுக்கு ஆபத்தானவையும் இருப்பதாக எச்சரித்தது ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம். பிறகு அதுவே படகு கட்டுபவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கைநூல்களும் வெளியிட்டது. அந்தக் கைநூல்களைத் தேடி வாசித்தேன். பாய் வெட்டுவதிலிருந்து, முழுவதும் நீர் நிறைந்தாலும் வள்ளம் மிதப்பதற்கு எங்கே நுரை அடைக்க வேண்டும் என்பதுவரை, படம் போட்டு எளிதாகச் சொல்கிறார்கள். அறிவு இல்லாமல் இல்லை. அது ஓர் அவசர காலத் திட்டத்தின் ஆவணமாக வந்து, திட்டம் முடிந்ததும் அலுமாரிக்குள் போய்விட்டது.

இப்போது மறுபடி ஓர் அவசர காலம். 2025 நவம்பர் இறுதியில் கிழக்குக் கரையைத் தாக்கி நாட்டை ஊடறுத்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எங்கள் மாவட்டத்தில் மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர், வெருகல் பக்கம் வெள்ளத்துக்குள் கிடந்தது. வீடும் வயலும் போனவர்களோடு வள்ளமும் வலையும் போனவர்களும் இருக்கிறார்கள். நிவாரணம் என்று வள்ளங்கள் வரும். வர வேண்டும். ஒரு கடற்றொழிலாளருக்கு அரிசி மூட்டையைவிட வள்ளம் பெரிய உதவி. ஆனால் கையளிப்பு விழாவில் ரிபன் வெட்டுபவர், இந்த வள்ளத்தின் அடியில் எத்தனை படை என்று கேட்டு நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இப்படியான விழாக்களுக்குப் போய், எத்தனை பேருக்கு எத்தனை வள்ளம், என்ன பெறுமதி என்று குறித்துக்கொண்டு வந்து செய்தி எழுதியவள்தான் நானும்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் படகைப் பதிவுசெய்ய வேண்டும். வள்ளத்தின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கம் அதுதான். அந்த இலக்கத்தைக் கொண்டு வள்ளம் யாருடையது, எந்த மாவட்டம் என்று சொல்லலாம். அது எந்த நாளில், எந்த அச்சில், எந்தப் பிசினில், எத்தனை படையில் பிறந்தது என்பதற்கான பதில் வள்ளக்காரர் கையில் இல்லை. நான் பேசிய எவரிடமும் அப்படியொரு தாள் இருக்கவில்லை. ஒரு கைத்தொலைபேசி வாங்கினால் உத்தரவாதப் பத்திரம் தருகிறார்கள்.

விலை உயர்ந்த கருவிகள் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்குத் தேவையான பரிசோதனைகள் மலிவானவை. பின்பலகைக்கோ குழாய்த் துளைக்கோ வெட்டியெடுக்கும் துண்டை எறியாமல் வைத்தால், அதன் தடிப்பை அளக்கலாம். அதை நிறுத்து, பிசின் எரிந்துபோகுமட்டும் சூளையில் வைத்து, மிஞ்சிய கண்ணாடி நாரை மறுபடி நிறுத்தால், நார் எவ்வளவு, பிசின் எவ்வளவு என்று தெரிந்துவிடும். படைகளையும் எண்ணலாம். பிசின் இறுகியதா என்று பார்க்கக் கையடக்கமான அழுத்தக் கருவி ஒன்று இருக்கிறது. முழு வள்ளத்தையும் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும், ஒரே அச்சில் பிறந்த இரண்டு வள்ளங்களின் எடை ஏன் வித்தியாசப்படுகிறது என்று கேட்கலாம். மிச்சத்துக்கு ஐயாவின் ஐந்து ரூபாய்க் குற்றி இருக்கிறது. விமானத் தொழிலிலும் இந்தத் தட்டிப் பார்க்கும் முறை இன்றும் புழக்கத்தில் உண்டு, அங்கே சிறு சுத்தியலும் பயன்படுத்துவார்கள்.

இதையெல்லாம் இயந்திரம் வந்தால் சரியாகிவிடும் என்று தளம் நடத்தும் இளைஞர் ஒருவர் என்னோடு வாதித்தார். பாயைக் கையால் விரிக்காமல், நாரை வெட்டிப் பிசினோடு சேர்த்துப் பீய்ச்சும் துப்பாக்கி இருக்கிறது. அச்சை உறையால் மூடி, காற்றை உறிஞ்சிப் பிசினை இழுக்கும் முறை இருக்கிறது, ஏற்றுமதிக்குப் படகு கட்டும் இடங்களில் அதுதான். அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகம் 2019இல் 25 அடிப் படகொன்றை மூன்று நாளில் அச்சிட்டே காட்டியது. அவர் ஆசை நியாயமானது. காற்றை உறிஞ்சும் முறையில் பிசின் அளவு சீராக இருக்கும், அதைவிட முக்கியமாக, வேலை செய்பவர் மூச்சுக்குள் ஸ்டைரீன் ஆவி குறைவாகப் போகும். தகரக் கொட்டகைக்குள் முகமூடி இல்லாமல் நின்ற இரண்டு பொடியன்களை நான் பார்த்தேன். எனக்கு அரை மணித்தியாலத்தில் தலை வலித்தது. அவர்கள் காலை முதல் நிற்கிறார்கள்.

ஆனால் பீய்ச்சும் துப்பாக்கியில் தடிப்பு அதைப் பிடித்திருப்பவரின் கையில்தான் இருக்கிறது. உறையில் ஊசித் துளை விழுந்தால், றோலர்க்காரர் விட்ட குமிழியைவிடப் பெரிய வரண்ட திட்டு விழும். டைட்டனின் நாரை அடுக்கியது இந்த ஊரில் எவரும் கனவுகாண முடியாத இயந்திரம். பார்க்கும் ஆளும், எழுதி வைக்கும் கொப்பியும், நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் முதலில் வரட்டும், இயந்திரம் பிறகு வரலாம் என்று அந்த இளைஞருக்குச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கொப்பி எழுதினால் விலை கூடும், பக்கத்துத் தளத்தில் எழுதாமல் மலிவாகக் கொடுப்பான், ஆட்கள் அங்கே போவார்கள் என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத பகுதி அது. எல்லாத் தளத்துக்கும் ஒரே விதி என்று அரசு சொன்னாலொழிய, ஒழுங்காகச் செய்பவருக்குத்தான் தண்டனை. நிவாரண வள்ளங்களில் இருந்தாவது இதைத் தொடங்கலாம். ஏனென்றால் அங்கே வாங்குபவர் அரசும் நிறுவனங்களும். வெட்டுத் துண்டும் எடைச் சீட்டும் இல்லாமல் காசு இல்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. 2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட 6 பேர் அன்றே இறந்தார்கள். அது பைபர்க் குறையால் வந்த விபத்தல்ல. ஆனால் அந்தப் படகைப் பரிசோதித்தது யார், அனுமதி கொடுத்தது யார் என்று எல்லோரும் கேட்டது அதன் பிறகுதான். நானும் அன்று அங்கே ஒலிவாங்கியோடு நின்று அதையே கேட்டேன். அதற்கு முதல் வாரம் கேட்டிருந்தால் அது செய்தியாகவே வந்திருக்காது.

கடலில் வள்ளம் பிளந்தால் அது எப்படிப் பிளந்தது என்று சொல்லப் பெரும்பாலும் வள்ளமே மிஞ்சுவதில்லை. அலை அடித்தது, காற்று மாறியது, எஞ்சின் நின்றது என்று எழுதி முடித்துவிடுகிறோம். காணாமற்போனவர் பட்டியலுக்குள் எத்தனை வரண்ட பாய்கள் ஒளிந்திருக்கின்றன என்று கணக்கெடுக்க முடியாமலிருப்பது இதனால்தான்.

மாலையில் ஐயா சோக்கு வட்டத்துக்குள் கிரைண்டரைப் பிடித்தார். வெள்ளைப் பூச்சு தூளாகப் பறந்தது. முதற் படை பழுப்பாக, கண்ணாடிபோல இறுகியிருந்தது. அதற்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில், பாய் அப்படியே வெள்ளையாக, பஞ்சுபோலக் கிடந்தது. பிசின் அதைத் தொட்டதேயில்லை. விரலால் கிள்ளி நாரைப் பிரித்து எனக்குக் காட்டினார். உரிமையாளர் அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, இதை வெட்டி ஒட்ட எவ்வளவு முடியும் என்று கேட்டார். வள்ளத்துக்கு எடுத்த கடனில் இன்னும் பதினான்கு தவணை மிச்சமிருக்கிறதாம். செய்து கொடுத்த தளத்திடம் கேட்கலாமே என்றேன். எதைக் காட்டிக் கேட்பது என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

ஐயா வெட்டிய துண்டை எறியப் போனார். நான் வாங்கி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போது என் மேசையில் இருக்கிறது. மூன்று படைகளை எண்ண முடிகிறது.